மீட்டெடுத்த மரத்தில் நெடுவில்: இளம் வில் தச்சருக்கு ஒரு கடிதம்



ஆங்கில நெடுவில் மரபில் கைவைக்கத் துணிந்தவர் எவரும் முதலில் கேட்பது யூ மரத்தின் புகழைத்தான். அந்தப் புகழ் காரணமின்றி வந்ததன்று. மரப்பட்டைக்கு அடுத்திருக்கும் வெளிறிய பகுதியைத் தச்சர்கள் வெள்ளை என்றும், நடுவில் முற்றி நிறமேறிய பகுதியை வைரம் என்றும் சொல்வார்கள். யூ மரத்தின் வெள்ளை இழுபடும்போது அறுந்துவிடாமல் நீண்டு கொடுக்கிறது. அதன் வைரம் அமுக்கத்தைத் தாங்கி மீள்கிறது. இவ்விரண்டும் சேரும் எல்லை வில்லின் நெடுகிலும் ஓடும்படி கழியைப் பிளந்து, வெள்ளை எய்பவருக்கு அப்பாலும் வைரம் அவரை நோக்கியும் இருக்குமாறு செதுக்கினால், இருவேறு பொருள்களை ஒட்டிச் செய்த வில்லின் பயன் ஒரே கழியில் கிடைத்துவிடுகிறது. ஒட்டுவில் செய்யப் புகுபவர் மனத்தில் பதிய வேண்டிய முதற்செய்தி இதுவே: யூ வில்லில் மரம் தானே செய்து வைத்திருக்கும் தேர்வை, ஒட்டுவில்லில் தச்சர் தம் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. யூ கிடைக்காததால் கையிலெடுத்த மலிவான மாற்று என்ற எண்ணத்தோடு ஒட்டுவில்லை அணுகுபவர், தம்மீது ஏறியிருக்கும் பொறுப்பின் அளவை அறியாமலே வேலையைத் தொடங்குகிறார்.

நல்ல வில்மரத்தின் தட்டுப்பாடு மிகப் பழையது. 1545இல் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அருகே மூழ்கி, 1982இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட யூ விற்கள் முழு உருவில் கிடைத்தன. ஏறத்தாழ 1.87 மீட்டர் முதல் 2.11 மீட்டர் வரை நீண்டிருக்கும் அவற்றின் நெருங்கிய இழையைக் கண்டவர்கள், அந்த மரம் ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். அந்தக் கப்பல் மூழ்குவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1472இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, வில்கழி விளையும் நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வரும் வணிகக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கழிகளைக் கொண்டுவர வேண்டும் என்று விதித்திருந்தது. அரசின் சேனைக்கே உள்ளூர் மரம் போதாமல் இருந்த நிலை, வில் போர்க்களத்தை விட்டு விளையாட்டுத் திடலுக்கு வந்த பிறகும் மாறவில்லை. 1781இல் சர் ஆஷ்டன் லீவர் லண்டனில் டாக்ஸஃபிலைட் சங்கத்தைத் தொடங்கிய காலத்தில் செல்வர்களிடையே வில்வித்தை மீண்டும் பரவியது; தேவை பெருகிய அளவுக்கு மரம் பெருகவில்லை. வேறு மரத்தின் மெல்லிய பட்டையை முதுகில், அதாவது இலக்கை நோக்கிய முகத்தில், ஒட்டிய விற்கள் அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றன. மான்செஸ்டரைச் சேர்ந்த கெல்சல் குடும்பத்தாரின் பெயர் அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த லான்ஸ்வுட், லெமன்வுட் ஆகிய மரங்களும், முதுகுக்கு ஹிக்கரியும் ஆஷும் பின்னர் பட்டறைகளில் பழகிவிட்டன. பழைய பொருள்களிலிருந்து மீட்டெடுத்த மரத்தைக் கொண்டு இன்று ஒட்டுவில் செய்பவர், தட்டுப்பாட்டுக்கு அறிவால் விடை தேடிய அந்த வரிசையில்தான் வந்து சேர்கிறார்.

வேலைக்குள் புகுமுன் உறுப்புகளின் பெயரையும் அவை படும் பாட்டையும் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. இலக்கை நோக்கியிருக்கும் முகம் வில்லின் முதுகு. எய்பவரை நோக்கியிருப்பது வயிறு. பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாதிகள் மேற்கை, கீழ்க்கை. நுனிகளில் நாண் தங்கும் வெட்டு குதை. நாணை இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு சுருங்குகிறது, இரண்டுக்கும் இடையில் நீளாமலும் சுருங்காமலும் ஒரு தளம் நிற்கிறது. நடுத்தளம் எனப்படும் அந்த இடத்தில் மரம் ஓய்வாக இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் விசை, அதாவது சறுக்குவிசை, அங்கேதான் உச்சத்தை அடைகிறது. சம கனமுள்ள இரண்டு பட்டைகளை ஒட்டி வில் செய்பவர், பசைக்கோட்டைச் சரியாக அந்த உச்சத்தில் கொண்டுபோய் வைக்கிறார். முதுகுக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர் பட்டை, நடுவில் ஓர் அடுக்கு, வயிற்றுக்குக் கனமான அடுக்கு என்று மூன்றாகப் பிரித்தால் பசைக்கோடுகள் இரண்டும் நடுத்தளத்தை விட்டு விலகி அமையும்படி கனங்களைத் திட்டமிடலாம். மூன்றடுக்கு வில்லின் அழகு பலர் கண்ணுக்குத் தெரியும் நிறக்கோடுகளில் இருக்கலாம். அதன் நியாயம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

மற்றொரு கணக்கும் உண்டு; அது தச்சரின் இழைப்புளியையும் அரத்தையும் ஆள்வது. வில்லின் விறைப்பு அகலத்தோடு நேர்விகிதத்தில் கூடுகிறது. கனத்தோடோ மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. பிடிக்கு அருகே 25 மில்லிமீட்டர் கனமுள்ள இடத்தில் ஒரு மில்லிமீட்டரைச் சீவினால் அங்கே விறைப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு குறையும். நுனியை ஒட்டி 12 மில்லிமீட்டர் கனமுள்ள இடத்தில் அதே ஒரு மில்லிமீட்டரைச் சீவினால் 23 விழுக்காடு குறைந்துவிடும். பிடியருகே பொறுத்துக்கொள்ளப்படும் அரவீச்சு நுனியருகே வில்லைக் கெடுக்கக்கூடியது என்பதைக் கை உணர்ந்துகொள்ளும் வரை, எழுதிவைத்த எண்களே தச்சருக்குத் துணை.

இனி மரத்தின் தேர்வுக்கு வரலாம். இளம் தச்சர் மிகுதியாக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. பழைய மரம் என்றாலே நன்கு பதப்பட்டது, ஆகவே நல்லது என்றொரு நம்பிக்கை இருக்கிறது. பதப்படுதல் உண்மையே, ஆனால் வில்லுக்கு வேண்டியது நீண்டு ஓடும் இழை. மரத்தின் நார்கள் பலகையின் நீளத்தோடு இணையாக ஓடாமல் சாய்ந்து பக்கவாட்டில் வெளியேறிவிட்டால், அந்த இடத்தில் விசையைத் தாங்குவது நாரன்று; நார்களை ஒட்டவைத்திருக்கும் வலுக்குறைந்த இணைப்பே. முதுகில் இத்தகைய இழைவெளியோட்டம் இருந்தால் சிம்பு எழும்பி வில் முறியும். ஆகவே ஒரு பலகையை எடுத்தவுடன் அதன் மேல்முகத்தில் தெரியும் வரிகளை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல், பக்கமுகத்தையும் இழைத்துப் பார்க்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு சிம்பைப் பிளந்து அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று காண வேண்டும். மெல்லிய மையின் ஒரு துளியை வைத்து அது கசிந்து ஓடும் திசையையும் நோக்கலாம். வயிற்றுக்கான அடுக்கில் சிறு சாய்வை மன்னிக்கலாம், அமுக்கத்தில் சிம்பு எழும்புவதில்லை என்பதால். முதுகில் மன்னிப்புக்கு இடமில்லை.

இழை நேராக இருந்தும் மரம் உயிரற்றுப் போயிருக்கக்கூடும். பூஞ்சையோ நெடுங்கால வெப்பமோ நாரின் வலுவைத் தின்றுவிட்ட மரம் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதைக் கண்டறியும் வழி எளியது: பலகையின் ஓரத்திலிருந்து பென்சில் கனத்தில் ஒரு குச்சியை அறுத்துக் கையால் ஒடித்துப் பார்க்க வேண்டும். முறிவு நீண்ட சிம்புகளாகக் கிழிந்து, இரு துண்டுகளும் நாரால் தொங்கிக்கொண்டிருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கேரட்டை ஒடித்ததுபோல் நறுக்கென்று குறுக்கே முறிந்தால், எத்தனை அழகிய மரமானாலும் அது வில்லுக்கு உதவாது. வளையங்களைப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. யூ மரத்தில் வளையங்கள் நெருங்கியிருப்பதைப் பெருமையாகக் கொள்வார்கள். ஆஷ், ஹிக்கரி, ஓக் ஆகியவற்றிலோ ஆண்டுதோறும் முதலில் வளரும் பகுதி துளை நிறைந்தது, பின்னர் வளரும் பகுதி அடர்ந்தது. வளையங்கள் மிக நெருங்கிவிட்டால் துளைப்பகுதியின் பங்கு கூடி மரம் வலுவிழக்கும். யூ மரத்துக்குரிய அளவுகோலை ஆஷ் மரத்தின்மேல் வைத்து நல்ல பலகையைத் தள்ளிவிடுவதும், நொய்ந்த பலகையைக் கொண்டாடுவதும் தொடக்கக் காலத்தில் எளிதில் நேரக்கூடியவை.

மீட்டெடுக்கத் தகுந்த பொருள்கள் பல இருப்பினும், ஒன்றை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். செயற்கைப் பொருள்கள் வந்து இடத்தைப் பிடிக்கும் வரை பனிச்சறுக்குப் பலகைகளுக்கு ஹிக்கரி விரும்பிப் பயன்படுத்தப்பட்ட மரம். இன்றும் ஐரோப்பாவின் பழம்பொருள் சந்தைகளில் அத்தகைய பலகைகள் கிடைக்கின்றன. அவற்றைச் செய்தவர்களும் வளைந்து மீளும் மரத்தைத் தேடியவர்களே என்பதால், இழை நேரான மரம் அதில் இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. மேல்நோக்கி வளைந்த நுனியை நீக்கிய பின்பும் ஒரு வில்லின் முதுகுக்குப் போதிய நீளம் பெரும்பாலும் மிஞ்சும். அடிமுகத்தின் நடுவே நெடுகிலும் ஓர் ஆழமற்ற குடைவு ஓடும். பட்டையை அந்தக் குடைவுக்கு ஒருபுறமாக அறுத்தெடுக்க வேண்டும், அல்லது குடைவு மறையும் வரை முகத்தை இழைத்துவிட வேண்டும். காலணியைப் பிணைத்த திருகுகளின் துளைகள் பலகையின் நடுப்பகுதியில் இருக்கும். வளையாத பிடிக்கு அவை நேராக வரும்படி வில்லை அதில் வரைந்துகொண்டால் துளையால் தீங்கில்லை. ஓரங்களில் எஃகுத் தகடு பதித்த பலகையின் நிலை வேறு. அங்கே தகட்டைப் பிடித்திருந்த சிறு திருகுகளின் துளைகள் ஓரம் நெடுகிலும் இருக்கும்; அவற்றை முழுவதும் தவிர்த்து உள்ளிருந்து பட்டை எடுக்க அகலம் போதவில்லையெனில் அந்தப் பலகையை விட்டுவிடுவதே முறை. அடிமுகத்தில் ஊறியிருக்கும் பைன் தாரும் மெழுகும் பசையைப் பற்றவிடா. அவை ஊறிய ஆழம் வரை இழைத்து, புதுமரத்தின் நிறமும் மணமும் வந்த பிறகே பட்டையை அறுக்க வேண்டும்.

வயிற்றுக்கு அடர்ந்த மரம் வேண்டும். பிரிட்டனின் துறைமுகக் கதவுகளிலும் படகுத்துறைத் தூண்களிலும் கிரீன்ஹார்ட் என்னும் கயானா நாட்டு மரம் நெடுங்காலம் பயன்பட்டது. நீரில் மூழ்குமளவுக்கு அடர்த்தியான அந்த மரம், பழைய துறைகள் கலைக்கப்படும்போது மறுவிற்பனைக்கு வருவதுண்டு. தூண்டில் கழிகளுக்கும் ஒருகாலத்தில் பெயர்பெற்ற மரமாதலால் அதன் மீள்திறன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் கடல்நீரில் நின்ற மரத்தின் மேற்பரப்பை நம்பாமல் உள்ளிருந்து எடுக்க வேண்டும். அறுக்கும்போது அது திடீரென்று பிளந்து தெறிக்கும் இயல்புடையது. அதன் சிராய் கையில் ஏறினால் எளிதில் சீழ்பிடிக்கும். தென் அமெரிக்காவின் ஈப்பே மரமும் வயிற்றுக்கு மிகச் சிறந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஈப்பே சேர்க்கப்பட்டு, அது 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. புதுமரத்தை வாங்குவதைவிட, வீட்டுத் திறந்தவெளித் தளம் அமைத்தவர்கள் எறிந்துவிடும் துண்டுகளைக் கேட்டு வாங்குவது அறத்துக்கும் பணத்துக்கும் ஒருங்கே பொருந்தும். துண்டுகள் குட்டையாக இருந்தால், இரண்டைப் பிடியின் நடுவே மீன்வால் வடிவில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி வெட்டி இணைக்கலாம்; நீண்ட யூ கழி கிடைக்காத காலத்தில் வில் தச்சர்கள் செய்துவந்த இணைப்பே அது. பழைய ஏணி, உடற்பயிற்சிக் கூடத்துக் கம்பு, தரைப்பலகை ஆகியவற்றில் ஆஷும் மேப்பிளும் கிடைக்கும். நடு அடுக்குக்கு அவை தாராளமாகப் போதும், அங்கே இழுவிசையும் அமுக்கமும் குறைவு.

எந்த மரமானாலும் காந்தத்தை ஓட்டி ஆணிகளைத் தேடாமல் வாளை வைக்கக் கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உரசித் தூளாக்குவது தச்சருக்கும் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் கேடு. யூ மரம் நச்சுடையது, ஈப்பேயின் மஞ்சள் தூள் தோலையும் மூச்சையும் அரிக்கும். முகமூடி இல்லாமல் இந்த மரங்களை இழைப்பது துணிவைக் காட்டாது.

இவ்வளவு சோதனைக்குப் பிறகும் தச்சருக்குக் கடினமாக இருக்கப்போவது ஒன்றுண்டு: விலக்குதல். காசு கொடுத்து வாங்காத மரத்தின்மீது, அதைக் கண்டெடுத்ததாலேயே ஒரு பாசம் பிறந்துவிடுகிறது. ஒரு பழைய பலகையை இழைத்து, அழுக்குக்கடியில் தேன்நிறம் வெளிப்பட்டதும், அதிலுள்ள சிறு கணுவை ‘பரவாயில்லை’ என்று கண் கடந்துவிடுகிறது. கண்டெடுத்தவற்றில் பாதிக்கு மேல் வில்லாகாது என்ற எதிர்பார்ப்போடு தொடங்குபவருக்கு இந்தப் பாசம் இடையூறு செய்யாது. விலக்கப்பட்ட மரமும் வீணாவதில்லை. அம்பு வைக்கும் சட்டமாகவோ ஒட்டும் அச்சாகவோ அது பட்டறையிலேயே நிற்கும்.

தேர்ந்த அடுக்குகளை உடனே ஒட்டிவிடக் கூடாது. சூடேற்றிய வீட்டுக்குள் கிடந்த தரைப்பலகை மிகவும் உலர்ந்திருக்கும். வெளியில் கிடந்த தளப்பலகை ஈரமாக இருக்கும். இரண்டையும் அந்த நிலையிலேயே ஒட்டினால், அவை பின்னர் ஒரே ஈரநிலைக்கு வரும்போது ஒன்று விரிய மற்றொன்று சுருங்கிப் பசைக்கோடு ஓயாத இழுபறியில் சிக்கும். மரத்தின் எடையில் 8 முதல் 10 விழுக்காடு ஈரம் இருப்பது வில்லுக்கு ஏற்றது. அடுக்குகளை ஒரே அறையில் வாரக்கணக்கில் அடுக்கி வைத்து, அவ்வப்போது சமையலறைத் தராசில் நிறுத்து, எடை மாறாமல் நின்ற பிறகு வேலையைத் தொடங்குவது போதுமானது.

அடுக்குகளை அமைப்பதில் வலிமையானதே சிறந்தது என்ற நினைப்பு ஏமாற்றும். ஹிக்கரி இழுவிசையைத் தாங்குவதில் மிக வல்லது. அதைக் கனமாக முதுகில் வைத்துவிட்டால் அது நீள மறுத்து, சுருங்க வேண்டிய சுமை முழுவதையும் வயிற்றின்மேல் தள்ளும். வயிறு தாங்காமல் நிலையான வளைவை ஏற்றுக்கொள்ளும்; நாணைக் கழற்றிய பின்னும் வில் நேராகாமல் எய்பவரை நோக்கி வளைந்தே நிற்கும் இந்தக் குறையைக் கூன் எனலாம். முதுகுப் பட்டையை மெல்லியதாக்குவதும், குறுக்குவெட்டில் முதுகுப்புறம் குறுகி வயிற்றுப்புறம் அகன்றிருக்குமாறு ஓரங்களைச் சாய்த்துச் சீவுவதும் இதற்கு மாற்று. வயிற்றின் வடிவமும் இதே நோக்கில் கவனிக்கத்தக்கது. மரபான நெடுவில்லின் வயிறு உருண்டிருக்கும். உருட்சியின் உச்சி மட்டும் மிகுந்த அமுக்கத்தைச் சுமக்கும். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களில் வில்லின் இயக்கத்தை அளந்தும் கணக்கிட்டும் ஆராய்ந்து, தட்டையான செவ்வகக் குறுக்குவெட்டே மரத்தை நன்கு பயன்படுத்துகிறது என்ற முடிவுக்கு வலுச்சேர்த்தார். அமெரிக்க வில் தச்சு அதன்பின் வேறு பாதையில் சென்றது. 1951இல் தோன்றிய பிரிட்டிஷ் லாங்போ சொசைட்டி, நெடுவில்லின் கனம் அதன் அகலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது என்ற வரையறையால் மரபைக் காத்துவருகிறது. 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு 19 மில்லிமீட்டர் கனம் இருந்தால் அந்த வரையறைக்குள் நின்றுவிடலாம். வரலாறு அறியாத மீட்டெடுத்த மரத்தில் முதல் வில்லைச் செய்பவர், வரையறை அனுமதிக்கும் அளவுக்கு வயிற்றைத் தட்டையாக விட்டு, ஓரங்களை மட்டும் உருட்டுவதே தக்கது. ஆழ்ந்த உருட்சி பின்னர், மரத்தை நன்கு அறிந்த பிறகு வரலாம்.

ஒட்டும் வேலையில் பரப்பின் தூய்மையே பாதி வெற்றி. கிரீன்ஹார்ட், ஈப்பே ஆகியவற்றில் எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்னர் புதிதாக இழைத்து, இரும்பறுக்கும் வாளின் அலகை நெடுக இழுத்து மெல்லிய கீறல்கள் உண்டாக்கி, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்துவிட வேண்டும். யூரியா ஃபார்மால்டிஹைட் தூள் பசை இறுகிய பின் விறைத்து நிற்கிறது, ஓயாத சுமையிலும் மெல்ல நழுவுவதில்லை; எபாக்ஸி சிறு இடைவெளிகளையும் நிரப்பும், ஆனால் கிளாம்புகளை அளவுக்கு மீறி முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி இணைப்பு வறண்டுவிடும். கிளாம்புகள் போதாதவர்க்குப் பழைய சைக்கிள் டியூப் உண்டு: நீளவாக்கில் பட்டையாக வெட்டி, இழுத்து இறுக்கி, ஒரு சுற்றின்மேல் மறுசுற்று பாதி ஏறும்படி வில் நெடுகச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும், அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் சீராகப் பரவும். ஒட்டும்போதே நுனிகள் இலக்கின் பக்கம் சற்று வளைந்திருக்கும்படி அச்சின்மேல் கட்டிவைத்தால், பசை இறுகியபின் வில் அந்த முன்வளைவைத் தக்கவைத்துக்கொண்டு, பின்னர் விழப்போகும் கூனை ஈடுசெய்யும். அறியாத மரத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் முன்வளைவு வைப்பது வயிற்றிடம் அளவுக்கு மீறிக் கேட்பதாகும்.

இனி வருவது வில்லை வில்லாக்கும் வேலை: இரண்டு கைகளும் ஒத்து வளையும்படி வயிற்றுப்புறத்திலிருந்து மரத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. முதுகை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. 28 அங்குல இழுப்பில் 45 பவுண்டு பாரம் வேண்டுமெனில், குதைக்குக் குதை 72 அங்குல நீளம், பிடியருகே 30 மில்லிமீட்டர் அகலம், நுனியில் 13 மில்லிமீட்டர் என்று வரைந்துகொண்டு, கனத்தைச் சற்று மிகையாக விட்டுத் தொடங்கலாம். சுவரில் ஒரு தாங்கியைப் பொருத்தி, அதில் வில்லின் பிடியை அமர்த்தி, தொய்வான நீண்ட நாணைக் கட்டி, கீழேயுள்ள கப்பியின் வழியே கயிற்றால் இழுத்தால், எட்ட நின்று வளைவை முழுமையாகப் பார்க்க முடியும். இடையில் ஒரு தராசைக் கோத்தால் பாரமும் தெரியும். சுவரில் கட்டம் வரைந்திருந்தால் கண்ணின் பிழை குறையும். ஒவ்வொரு முறை சீவிய பிறகும் வில்லை முப்பது நாற்பது தடவை மெல்ல வளைத்து விட வேண்டும். சீவியதன் விளைவை மரம் உடனே காட்டுவதில்லை, வளைத்துப் பழக்கிய பின்பே காட்டும். இதைப் பொறுக்காமல் மேலும் மேலும் சீவியவர், மாற்றம் வெளிப்படும்போது வேண்டிய அளவைக் கடந்திருப்பார்.

கண்டிப்பாகக் காக்க வேண்டிய விதி ஒன்று: இறுதியில் வேண்டும் பாரத்துக்கு மேல் வில்லை எந்நிலையிலும் இழுக்கக் கூடாது. 18 அங்குலத்திலேயே தராசு 45 பவுண்டைக் காட்டினால் அன்றைய இழுப்பு அங்கே நிற்க வேண்டும். சீவிப் பாரத்தைக் குறைத்த பிறகே அடுத்த அங்குலம். இந்த விதியை மீறும்போது வயிற்றின் நார்கள் நசுங்குவது கண்ணுக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது. கூன் விழுந்த பின்னர் அதை எடுப்பது கடினம். விறைத்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சிறு கருவி உதவும். சாண் நீளமுள்ள தட்டையான கட்டையின் நடுவே துளையிட்டு ஒரு பென்சிலைச் செருகி, வளைந்து நிற்கும் கையின் மிக ஆழமான வளைவில் அதன் முனை மட்டும் தொடாதபடி அமைத்துக்கொண்டு, கட்டையை வயிற்றின்மீது நெடுக ஓட்டினால், குறைவாக வளையும் இடங்களில் பென்சில் கோடிடும். கோடு விழுந்த இடத்தைச் சீவலாம். கோடு விழாத இடத்தைத் தொடாமல் விடலாம். நுனிகள் பன்னிரண்டு பதினைந்து சென்டிமீட்டர் ஒத்து வளையத் தொடங்கியதும் நாணைக் குட்டையாக்கி ஏற்ற வேண்டும். இறுதி நிலையில் பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி, மூடிய கைப்பிடியும் நீட்டிய பெருவிரலும் சேர்ந்த அளவு, ஏறத்தாழ 6 அங்குலம். கை வில்லைப் பிடிக்கும் இடம் நடுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே அமைவதால், கீழ்க்கை ஒரு சிறிது விறைப்பாக இருப்பது முறை.

இந்தக் கட்டத்தில் ஒரே இடத்தில் வளைவு குவிந்து மூட்டுப்போல் மடிந்தால், அந்த இடத்தை இனித் தொடாமல் அதன் இருபக்கமும் சீவி, பாரம் சில பவுண்டு குறைந்தாலும் சரி என்று வளைவைச் சமப்படுத்த வேண்டும். பாரத்தின்மேல் பிடிவாதம் கொண்டவர் வில்லையே இழப்பார். 45க்குத் திட்டமிட்ட வில் 40இல் நின்றாலும் நன்றாக எய்யும். வயிற்றில் குறுக்கே முடியளவு மெல்லிய சுருக்கக் கோடு தெரிந்தால், அங்கே நார் நசுங்கத் தொடங்கியிருக்கிறது. அது சுமையின் அநீதியான பங்கீட்டைக் காட்டுகிறது. கோட்டைத் தேய்த்து மறைப்பது அந்த இடத்தை மேலும் மெலியச் செய்யும், மற்ற இடங்களை மெலித்துச் சுமையைப் பகிர்வதே மருந்து. முதுகில் சிம்பு எழும்பினால் நிலை வேறு. சிறியதாக இருந்து மரம் மற்றபடி நலமாக இருந்தால், மெல்லிய பசையை ஊற்றி, பட்டு அல்லது லினன் நூலால் இறுகக் கட்டிவிடலாம். இழைவெளியோட்டத்தால் எழுந்த நீண்ட சிம்பாயின், அந்த வில்லை வளைப்பதை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். முகத்துக்கு அருகே முறியும் வில் கண்ணைப் பறித்துவிடக்கூடும்.

குதைகளுக்கு மாட்டுக்கொம்பு மரபு. கொம்பின் உள்ளே கூம்பாகக் குடைந்து, நுனியையும் அதே கூம்பாகச் சீவிப் பொருத்த வேண்டும்; அடர்ந்த மரத்துண்டும் அதே வேலையைச் செய்யும். நாணுக்கு லினன் தொன்மையானது, பாலியெஸ்டர் நூல் நடைமுறைக்கு ஏற்றது. நீளாத நவீன நூல்களின் அதிர்ச்சி பழைய மரத்துக்கு ஆகாது. ஈரம் புகாமல் எண்ணெயோ ஷெல்லாக்கோ பூசி, எய்யாத வேளையில் நாணைக் கழற்றிக் கிடைநிலையில் வைக்க வேண்டும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடுவதை நண்பர்களுக்கும் அனுமதிக்கக் கூடாது. அம்பு கொண்டுசெல்ல வேண்டிய ஆற்றல் முழுவதும் அப்போது வில்லின்மேலேயே திரும்புகிறது.

வில் முடிந்ததும் பிடிக்கு மேலே வயிற்றில் மையால் இழுபாரத்தையும் இழுப்பின் நீளத்தையும் எழுதுவது வழக்கம். மீட்டெடுத்த மரத்தில் செய்பவர் அத்துடன் நில்லாமல், ஒவ்வோர் அடுக்கும் எந்தப் பொருளிலிருந்து வந்தது, அதன் கனம் என்ன, எந்தப் பசை, எவ்வளவு முன்வளைவு வைக்கப்பட்டது, எவ்வளவு கூன் விழுந்தது என்பனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, சோதனைக்கு ஒடித்த குச்சிகளையும் அதனோடு கட்டிவைத்தால், அடுத்த பலகையைக் கையில் எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஏதேனும் இருக்கும். புதுவில் முதல் சில நூறு அம்புகளில் ஒன்றிரண்டு பவுண்டு இளகும். ஆகவே பாரத்தை முதலில் பென்சிலால் குறித்து, வில் பழகி நின்ற பின்னர் மறுபடி தராசிலிட்டு, அந்த எண்ணையே மையால் எழுத வேண்டும்.